நாளைக்குப் பிறந்த பேத்தி

சென்னையிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம் என்று யாராவது உங்களைக் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

"நாலு மணி நேரம்தானே!" என்பீர்கள். நானும் சென்ற வருஷம் மார்ச் மாதம் வரையில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவர்களிடம் மட்டுமல்ல; கேட்காதவர்களிடமும் சொன்னேன். மகளைக் கடல் கடந்து கட்டிக்கொடுத்தவள் வேறு எதைச் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொள்ள முடியும்? "கன்னியாகுமரிக்கு ரயில் ஏறினால் இரவு முழுவதும் போக வேண்டும். சிங்கப்பூருக்கு ஏறினால் ஒரு தூக்கம் தூங்கி விழிப்பதற்குள் இறங்கிவிடலாம்" என்று எங்கள் தெருவில் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாலு மணி நேரம் என்னை எப்படி ஏமாற்றியது என்பதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். உங்களில் பலருக்கு இன்றோ நாளையோ இதே பிரயாணம் வாய்க்கலாம். நான் இடறிய இடத்தில் நீங்களும் இடற வேண்டாம் அல்லவா?

என் மகளுக்குத் தலைப் பிரசவம். மார்ச் மாதக் கடைசியில் என்று டாக்டர் நாள் குறித்திருந்தார். "எப்போ வரே அம்மா?" என்று ஜனவரியிலிருந்தே அவள் கேட்கத் தொடங்கிவிட்டாள். எனக்கோ இங்கே நூறு வேலை. தங்கை வீட்டில் ஒரு கிருகப் பிரவேசம், மாமியாருக்குக் கண் ஆபரேஷன், இவருக்கு ஆபீசில் கணக்கு முடிக்கிற மாதம். "நாலு மணி நேரம்தானேடி! கூப்பிட்டால் ஓடி வந்துவிட மாட்டேனா?" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில் மாப்பிள்ளையே பார்த்து, 14-ஆம் தேதிக்கு டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டார். புறப்படும் நேரம் 00.40 என்று போட்டிருந்தது.

நான் உடனே சமையலறைக் காலண்டரில் 14-ஆம் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு, "இரவு பிளேன்" என்று எழுதினேன். நள்ளிரவு தாண்டி நாற்பது நிமிஷம் என்றால் இரவுதானே? இரவு சாப்பாட்டை முடித்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புவோம். அது 14-ஆம் தேதி இரவு. என் கணக்கில் துளிக்கூடச் சந்தேகம் இல்லை. இவரும் பார்த்தார், தலையை ஆட்டினார். கணக்கிலேயே இருபத்தெட்டு வருஷம் சர்வீஸ் போட்ட மனிதர்!

13-ஆம் தேதி மாலை மகள் பேசினாள். "நாளைக்குப் பார்க்கலாம் அம்மா!" என்றாள். "ஆமாம் கண்ணு, நாளைக்குத்தான்" என்றேன். அவள் சொன்ன நாளை வேறு, நான் சொன்ன நாளை வேறு என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே டெலிபோன் அடித்தது. மாப்பிள்ளை.

"அத்தை, எங்கே இருக்கீங்க? வெளியே வந்துட்டீங்களா? நான் ரொம்ப நேரமா இங்கேதான் நிக்கிறேன்."

"வெளியிலேதான் இருக்கேன் மாப்பிள்ளை. கோலம் போட்டுட்டிருக்கேன்" என்றேன்.

அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "எந்த வாசல்லே, அத்தை?"

சாங்கி விமான நிலையத்தில் அவர் காத்துக்கொண்டு நின்ற அந்த விமானம், நான் எங்கள் வீட்டுக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தபோதே மீனம்பாக்கத்தைவிட்டுக் கிளம்பிப் போயிருந்தது!

நேயர்களே, விமானக் கம்பெனிக்காரர்களுக்கு நாள் நள்ளிரவில் பிறக்கிறது. அவர்களுடைய கடிகாரத்தில் 24.00 என்பதும் 00.00 என்பதும் ஒரே இடம்; அதைத் தாண்டினால் புதுத் தேதி. 14-ஆம் தேதி 00.40 விமானத்துக்கு 13-ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். நமக்கோ படுத்து எழுந்தால்தான் மறுநாள். பஞ்சாங்கத்துக்கும் அப்படித்தான், சூரியன் உதித்தால்தான் அடுத்த நாள். இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில்தான் நான் விழுந்தேன். இனி உங்கள் வீட்டில் யாருக்காவது 00 என்று தொடங்கும் டிக்கெட் வந்தால், காலண்டரில் அந்தத் தேதிக்கு வட்டம் போடாதீர்கள். முந்தின நாளுக்குப் போட்டு, "இன்றிரவு கிளம்ப வேண்டும்" என்று எழுதிவையுங்கள்.

போன பணம் போகட்டும். அன்றும் மறுநாள் பகலிலும் நேராகப் போகும் விமானங்களில் இடம் கிடைக்கவில்லை. 15-ஆம் தேதி இரவு 11.50 விமானத்தில்தான் ஓர் இடம் அகப்பட்டது. "பரவாயில்லை அம்மா, இன்னும் ரெண்டு வாரம் இருக்கே" என்று மகள்தான் எனக்குச் சமாதானம் சொன்னாள்.

ஆனால் பிள்ளை பிறக்கிற நாளை டாக்டரா நிச்சயிக்கிறார்? 15-ஆம் தேதி மாலை அவளுக்கு வலி கண்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது ஒரு நிமிஷம் பேசினாள். "அம்மா, நீ இன்னும் கிளம்பலையா?" அவ்வளவுதான் கேட்டாள். அந்தக் கேள்விக்கு இன்றுவரையில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மயிலாப்பூரிலிருந்து மீனம்பாக்கம் போகிற வழியெல்லாம் நான் கபாலீசுவரரையும் கற்பகாம்பாளையும் விடவில்லை. சோதனைகளெல்லாம் முடிந்து, விமானம் ஏறுகிற கூடத்தில் போய் உட்கார்ந்தேன். சுவர்க் கடிகாரம் மணி 11.10 காட்டியது. மாப்பிள்ளையிடமிருந்து டெலிபோன் வந்தது. குரல் தழுதழுத்தது.

"அத்தை! பெண் குழந்தை. ரெண்டு பேரும் சௌக்கியம். 16-ஆம் தேதி, 1.30 மணிக்குப் பிறந்தா!"

அப்படியே கண்ணை மூடிக்கொண்டேன். சிறிது நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தபோதுதான் உறைத்தது. என் எதிரில் உள்ள பலகையில் இன்னும் 15-ஆம் தேதிதான். மணி பதினொன்றேகால்கூட ஆகவில்லை. என் பேத்தியோ 16-ஆம் தேதி பிறந்துவிட்டாள். உலகத்தில் எந்தப் பாட்டிக்காவது இந்த பாக்கியம் கிடைத்திருக்குமா? என் பேத்தி நாளைக்குப் பிறந்துவிட்டாள்!

இந்தப் புதிருக்கு விடை சுலபமானதுதான். சிங்கப்பூர்க் கடிகாரம் நம் கடிகாரத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே விடியற்காலை 1.30 என்றால் இங்கே முந்தின இரவு 11 மணி.

ஆனால் இதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. பூமி ஒரு டிகிரி திரும்ப 4 நிமிஷம் ஆகும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கிழக்கு மேற்காகச் சுமார் 24 டிகிரி. அந்தக் கணக்கில் சூரியன் அங்கே நம்மைவிட ஒன்றரை மணிக்குச் சற்று அதிகமாகத்தான் முந்தியிருக்கிறான். மீதி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தைக் கூட்டியவர்கள் மனிதர்கள். ஜப்பானியர் வசம் இருந்த 1942 முதல் 1945 வரையில் சிங்கப்பூரில் டோக்கியோ மணி ஓடியது. அதற்குப் பிறகு பல வருஷங்கள் நம்மைவிட இரண்டு மணி நேரம்தான் முன்னால் இருந்தது. மலேசியா தன் இரு பகுதிகளுக்கும் ஒரே மணியை வைத்துக்கொள்ளத் தீர்மானித்தபோது, சிங்கப்பூரும் கூடவே 1982 ஜனவரி முதல் தேதியிலிருந்து அரை மணியைக் கூட்டிக்கொண்டது. அதனால்தான் சிங்கப்பூரில் வருஷம் முழுவதும் சூரியன் ஏழு மணி சுமாருக்கு எழுந்திருக்கிறான். நம் ஊர்ப் பெண்கள் அங்கே போய் ஆறு மணிக்குக் கோலம் போடப் போனால் கையில் விளக்கு வேண்டும்!

நாம் மட்டும் என்னவாம்? ஒரு காலத்தில் நம் சென்னைக்கென்று தனியாக ஒரு மணி இருந்தது. 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டிய வானசாஸ்திர ஆராய்ச்சி நிலையத்தில் கணக்கிட்ட மணி அது. 'மதராஸ் டைம்' என்று பேர். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவான மணியாக இருந்ததால், ரயில்களெல்லாம் அதை வைத்துக்கொண்டுதான் ஓடின. 1906-ல் இந்தியா முழுவதற்கும் பொது மணி வந்தபோது சென்னைக்காரர்கள் கடிகாரத்தைச் சுமார் ஒன்பது நிமிஷம் தள்ளி வைத்துக்கொண்டார்கள். ஆகவே கடிகாரத்தைப் பார்த்து யாரும் ரொம்பப் பயப்பட வேண்டியதில்லை. அது மனிதர்கள் கூடிப் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. வலி எடுத்த பெண்ணுக்கும், பிறக்கிற குழந்தைக்கும் அந்த ஏற்பாடு தெரியாது.

விமானம் கிளம்பியது. ஜன்னல் ஓரத்து இடம். கண்ணாடிக்கு வெளியே கும்மிருட்டு. எதிரே இருந்த சின்னத் திரையில் ஒரு படம் ஓடியது. நீலக் கடலின் மேல் ஒரு பொம்மை விமானம் எறும்பு போல ஊர்ந்துகொண்டிருந்தது. அன்றிரவு நான் தூங்கவில்லை. அந்த எறும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஆகாய வழியில் சுமார் 2,900 கிலோமீட்டர். பழைய கணக்கில் 1,800 மைல். டில்லி நமக்கு ஆகாய வழியில் 1,760 கிலோமீட்டர்தான் என்பதை நினைத்துக்கொண்டால் இதன் தூரம் புரியும். உயரே போய் நிலைத்துவிட்டால் விமானம் மணிக்கு 850 கிலோமீட்டருக்குக் குறையாமல் பறக்கும். அப்படியானால் மூன்றரை மணி நேரத்தில் போய்விடலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் கிடையாது. மேலும் அட்டவணையில் போடுகிற நேரம் வெறும் பறக்கிற நேரம் அல்ல. நின்ற இடத்தைவிட்டு நகர்ந்த நிமிஷத்திலிருந்து, போய் நிற்கிற நிமிஷம் வரைக்கும் சேர்த்த கணக்கு. தரையில் உருண்டு போவதும், ஓடுபாதையில் முறைக்குக் காத்து நிற்பதும் அதில் அடக்கம். எல்லாம் சேர்ந்து நாலேகால் மணி சுமார் ஆகிறது. காற்றைப் பொறுத்துப் பத்து இருபது நிமிஷம் கூடலாம், குறையலாம்.

கிளம்பியதிலிருந்து கீழே வங்காள விரிகுடாதான். பாதி வழிக்கு மேல் தாண்டிய பிறகு திரையில் சின்னச் சின்னத் தீவுகள் தெரிந்தன. நிக்கோபார்! அவற்றில் தெற்கே உள்ள பெரிய நிக்கோபாரின் முனைதான் நம் தேசத்தின் தென்கோடி. நாம் பள்ளிக்கூடத்தில் கன்னியாகுமரி என்று படித்தது இந்தியப் பெருநிலத்தின் தென்கோடி மட்டுமே. அந்த முனையிலிருந்து சுமத்ரா தீவு சுமார் 150 கிலோமீட்டர்தான். பக்கத்து வீடு என்றே சொல்லலாம். அதைத் தாண்டினால் மலாக்கா ஜலசந்தி. ஒரு பக்கம் சுமத்ரா, மறு பக்கம் மலேயா. ராஜேந்திர சோழனின் கப்பல்கள் 1025-ல் கடாரத்துக்குப் போனதும் இந்தக் கடல் மேல்தான். அவை காற்றின் பருவம் பார்த்துப் பாய் விரித்துப் போயின. நான் போர்வையைப் போர்த்திக்கொண்டு, யாரோ கொடுத்த ஆரஞ்சு ரசத்தைக் குடித்துக்கொண்டு போனேன்.

அப்போது எனக்கு என் பெரிய அத்தையின் நினைவு வந்தது.

அத்தை 1950-களில் இரண்டு குழந்தைகளோடு நாகப்பட்டினத்தில் 'ராஜுலா' கப்பல் ஏறிச் சிங்கப்பூர் போனவள். நம் தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்களுக்குப் பழக்கமான பேர் அது. 1926-லிருந்து 1970-களின் தொடக்கம் வரையில் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய் வந்துகொண்டிருந்த கப்பல். மேல் தட்டில் பாயை விரித்து, பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டு, ஒரு வாரம் போல ஆகுமாம் போய்ச் சேர. அந்தக் காலத்திலேயே ஏர் இந்தியாவின் விசிறி விமானம் சென்னை வழியாகச் சிங்கப்பூருக்குப் போகத்தான் செய்தது. ஆனால் அதெல்லாம் பெரிய மனிதர்கள் சமாசாரம். ராஜுலாவுக்குப் பிறகு 'சிதம்பரம்' என்ற கப்பல் வந்தது. 1985-ல் அது தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் பிரயாணமும் முடிந்தது.

அத்தையின் தாயார், அதாவது என் பாட்டி, ஊரில் காலமானபோது தந்தி மறுநாளே போய்விட்டது. அத்தை அடுத்த கப்பலுக்குக் காத்திருந்து, ஏறி, நாகப்பட்டினத்தில் வந்து இறங்கும்போது பதினாறாம் நாள் காரியமும் முடிந்து பந்தலைப் பிரித்துவிட்டார்கள். வாசலில் பந்தக்கால் நட்ட குழியைப் பார்த்து அவள் அழுததைப் பற்றி அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அத்தைக்கு அந்தத் தூரம் பாடம் கற்பித்தது. பிறகு அவள் தன் பெண்ணின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்தபோது, மூன்று மாதம் முன்னாலேயே கப்பல் ஏறிவிட்டாள். லேகியம் கிளறி, பழந்துணி கிழித்து மடித்து வைத்து, மருத்துவச்சிக்குச் சொல்லிவிட்டு, திண்ணையில் வந்து உட்கார்ந்திருந்தாளாம். ஒரு வாரத் தூரத்தில் இருந்தவள் வேளைக்கு வந்துவிட்டாள். நாலேகால் மணித் தூரத்தில் இருந்த நான் தவறவிட்டேன்!

ஏன்? நன்றாக யோசித்துப் பார்த்தேன். டிக்கெட்டில் உள்ள 00.40-ஐத் தப்பாகப் படித்தது இரண்டாவது குற்றம்தான். முதல் குற்றம், "நாலு மணி நேரம்தானே" என்று ஜனவரியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது. எட்டாத தூரம் என்று தெரிந்தால் மனிதர்கள் முன்கூட்டியே கிளம்புகிறார்கள். கிட்டேதான் என்று நினைத்துவிட்டால் கடைசி நிமிஷம் வரையில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சாங்கியில் இறங்கியபோது அங்கே மணி 6.35. வெளியே இன்னும் இருட்டு. என் கைக்கடிகாரத்தில் 4.05. அதை முன்னால் தள்ளி வைத்தேன். குழந்தை பிறந்த பிறகாவது பாட்டி அந்த ஊர் மணிக்கு வர வேண்டாமா?

கூட்டிப் போக வந்த மாப்பிள்ளை என் பெட்டிகளைப் பார்த்துச் சிரித்தார். சுக்கு, மிளகு, திப்பிலி, பூண்டு, பிரசவ லேகியம், பெருங்காயம் என்று ஒரு நாட்டு மருந்துக் கடையையே கட்டிக்கொண்டு போயிருந்தேன். "இதெல்லாம் தேக்காவிலே கிடைக்குமே, அத்தை!" என்றார். போகிற சகோதரிகள் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. கசகசாவை எடுத்துப் போகாதீர்கள். நம் வீட்டுக் குருமாவில் அரைத்துப் போடுகிற அதே கசகசாதான். சிங்கப்பூரில் அது தடை செய்யப்பட்ட சரக்கு. ஒரு பிடி கசகசாவுக்காக அதிகாரிகள் முன்னால் கைகட்டி நிற்க வேண்டாம். விசாவோடு, போய்ச் சேர்வதற்கு முந்தின மூன்று நாட்களுக்குள் கம்ப்யூட்டரில் ஒரு வருகைப் படிவத்தையும் நிரப்பி அனுப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெஞ்சியில், தலையில் முக்காடு போட்ட ஒரு மலாய்க்கார அம்மாள் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். மகளின் பக்கத்து வீட்டுக்காரி. மாலையில் வலி கண்டதும் அவள்தான் டாக்ஸியில் கூட வந்தாளாம். "அம்மா வருகிற வரையில் போக மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, இரவு முழுவதும் அங்கேயே இருந்திருக்கிறாள். அவளுக்குத் தமிழ் தெரியாது; எனக்கு மலாய் தெரியாது. இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். அவள் என் கன்னத்தைத் தட்டிவிட்டு எழுந்து போனாள். நான் இருக்க வேண்டிய இடத்தை எனக்காகக் காத்து வைத்திருந்து, என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

உள்ளே என் மகள் படுத்திருந்தாள். ஒரே இரவில் வயது கூடிவிட்டது போல முகம். அருகில் துணிச் சுருளுக்குள் ஒரு சின்ன மூக்கு.

"மன்னிச்சுக்கோடி கண்ணு" என்றேன்.

"எதுக்கம்மா?" என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ரொம்பக் கூப்பிட்டேம்மா உன்னை" என்றாள்.

அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நான் அங்கே ஒரு மாதம் இருந்தேன். மாப்பிள்ளை சொன்னது சரிதான். தேக்கா சந்தையில் இல்லாதது ஒன்றுமில்லை. முருங்கைக்கீரை, வாழைப்பூ, பிஞ்சுக் கத்தரிக்காய், வெற்றிலை எல்லாம் உண்டு. சிராங்கூன் சாலையில் நடந்தால் மல்லிகைச் சரம் தொங்குகிறது. வீரமாகாளியம்மன் கோவில் மணி கேட்கிறது. தமிழ் அங்கே ஆட்சி மொழிகள் நான்கில் ஒன்று. ரயில் நிலையத்தில் தமிழில் பேர் எழுதியிருக்கிறார்கள். ஒரு நாள் சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள மாரியம்மன் கோவிலுக்குப் போய்ப் பேத்திக்காக மாவிளக்குப் போட்டேன். 1827-லிருந்து இருக்கிற கோவில். கப்பலேறி வந்த எத்தனை தாய்மார்கள் அந்தச் சந்நிதியில் நின்று ஊரை நினைத்துக்கொண்டார்களோ!

இதற்குள் சென்னையில் இவருக்கு ஒரு பெரிய கவலை. ஜாதகம்! "குழந்தை பிறந்தது 15-ஆம் தேதியா, 16-ஆம் தேதியா? எதை வைத்துக் கணிக்கிறது?" என்று தினம் டெலிபோன். கடைசியில் எங்கள் குடும்ப ஜோசியரிடம் போய்க் கேட்டார். அவர் சிரித்தாராம். "சந்திரன் ஒன்றுதானே, ஐயா! அந்தக் கணத்தில் எந்த ஊரிலிருந்து பார்த்தாலும் அவன் நிற்கிற நட்சத்திரம் அதுவேதான். லக்கினம் மட்டும்தான் ஊருக்கு ஊர் மாறும். அதை அந்த ஊர்க் கணக்குப்படி போட வேண்டும். தேதியைப் பற்றிக் கவலை எதற்கு? அங்கே மணி ஒன்றரை. இன்னும் பொழுது விடியவில்லை. நம் கணக்கில் பொழுது விடியாத வரைக்கும் முந்தின நாள்தான்!" என்று சொல்லிவிட்டார்.

ஆகவே சர்க்கார் கொடுத்த சர்ட்டிபிகேட்டில் 16-ஆம் தேதி. பாட்டியின் பஞ்சாங்கத்தில் 15-ஆம் தேதி. பேத்திக்கு வருஷத்துக்கு இரண்டு பிறந்த நாள். இரண்டு தடவை பாயசம் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

திரும்பி வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் இரவு 8 மணிக்கு ஏறினேன். சென்னையில் இறங்கும்போது மணி 9.45. போகும்போது கடிகாரப்படி ஆறே முக்கால் மணி. வரும்போது ஒன்றே முக்கால் மணி! "அட, இவ்வளவு சீக்கிரமா?" என்று ஏமாந்துபோகாதீர்கள். இரண்டு தடவையும் ஆகாயத்தில் இருந்தது அதே நாலேகால் மணி சுமார்தான்.

இன்னொரு கணக்கையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு ஒரு மணி, அங்கே மூன்று மணி முன்னதாக, பறக்க நாலேகால், இறங்கி முத்திரை வாங்கி, பெட்டி எடுக்க ஒரு மணி, டாக்ஸியில் அரை மணிக்கு மேல். ஆக, வாசல்படியிலிருந்து வாசல்படிக்குப் பத்து மணி நேரம் ஆகிவிடுகிறது. கன்னியாகுமரிக்குப் போகிற ரயிலை நான் வீணாகப் பழித்துவிட்டேன்.

இப்போது யாராவது என்னைச் சிங்கப்பூர் எவ்வளவு தூரம் என்று கேட்டால், நாலு மணி நேரம் என்று நான் சொல்வதில்லை. "எப்போது போய்ச் சேர வேண்டும்?" என்று திருப்பிக் கேட்கிறேன். மகள் கூப்பிடுகிற வேளைக்குப் போய்ச் சேர்ந்தால் ஒரு வாரக் கப்பல் பிரயாணமும் கிட்டேதான். அந்த வேளை தப்பிவிட்டால் அடுத்த தெருவும் எட்டாத தூரம்.

மகள் இரண்டாவது உண்டாகியிருக்கிறாள். டிசம்பரில் நாள் குறித்திருக்கிறார் டாக்டர். நான் அக்டோபருக்கே டிக்கெட் எடுத்துவிட்டேன். பகல் விமானம்!